ஃபேஷன் ஸ்டைலிங் விளக்கக்காட்சியைத் தயாரித்து முன்வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்டைலிங் பழகும் பலருக்கு உடையைத் தேர்ந்தெடுப்பதில் தயக்கம் இருப்பதில்லை. ரேக்கில் தொங்கும் நாற்பது உடைகளுக்கு நடுவே எந்தக் கோட்டுக்கு எந்தக் கால்சட்டை சேரும் என்பதைக் கை தானாகவே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அந்தத் தேர்வை வாடிக்கையாளர் முன்னாலோ ஆசிரியர் குழு முன்னாலோ நின்று விளக்க வேண்டி வரும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. கண்ணுக்குத் தெரிந்த காரணம் இன்னும் சொல்லாக மாறவில்லை என்பதால்தான் இந்தத் தடுமாற்றம். ஆகவே இந்த வழிகாட்டி ஸ்லைடு செய்வதிலிருந்து தொடங்கவில்லை. ஒவ்வொரு தேர்வுக்கும் உரிய காரணத்தைக் கண்டுபிடித்து, அதைப் படமாகவும் துணியாகவும் சொல்லாகவும் எதிரே இருப்பவரிடம் சேர்த்து, அவர் ஒரு முடிவுக்கு வரும்வரை கொண்டுசெல்லும் வேலையைப் படிப்படியாக விளக்குகிறது.

முதல் படி: யார், எதை முடிவு செய்யப் போகிறார்கள்?

தனிநபர் வாடிக்கையாளர் ஒருவர் ‘இதை நான் உண்மையில் உடுத்துவேனா’ என்ற கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார். பத்திரிகை ஆசிரியர், எட்டுப் பக்கங்களிலும் ஒரு கதை நகர்கிறதா என்று பார்க்கிறார். விளம்பர நிறுவனத்துக்கு விற்க வேண்டிய பொருள் உடையில் அமிழ்ந்துவிடக் கூடாது. இயக்குநருக்கு உடையைவிடப் பாத்திரம் முக்கியம். வகுப்பில் மதிப்பெண் போடுபவரோ, நீங்கள் எந்த வழியில் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையே தேடுகிறார். ஒரே உடைத்தொகுப்பை இந்த ஐவருக்கும் ஒரே மாதிரி விளக்க முடியாது.

வேலையைக் கொடுப்பவர் தரும் தேவைக்குறிப்பு பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கும். அதை முழுமையாக்குவது உங்கள் பொறுப்பு. உடுத்துபவர் யார், எங்கே, எவ்வளவு நேரம், எந்த வெளிச்சத்தில், நின்றா உட்கார்ந்தா, நேரில் பார்ப்பவர்கள் அதிகமா கேமரா வழியாகப் பார்ப்பவர்கள் அதிகமா, அவரிடம் ஏற்கெனவே என்ன உடைகள் உள்ளன, எவ்வளவு செலவிட முடியும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கேளுங்கள். இவற்றோடு, ‘எதை ஒருபோதும் உடுத்த மாட்டீர்கள்’ என்ற கேள்வியையும் மறக்காமல் கேட்டுவிட வேண்டும். விருப்பங்களைச் சொல்லும்போது மனிதர்கள் மழுப்பலாகப் பேசுவார்கள். வேண்டாதவற்றைச் சொல்லும்போது மிகத் தெளிவாகப் பேசுவார்கள்.

கிடைத்த பதில்களை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: ‘45 வயதான பெண் கட்டடக் கலைஞர் ஒருவர், 300 பேர் அமர்ந்த அரங்கில், வீடியோ பதிவு நடக்கும் மேடையில், 20 நிமிடம் நின்று உரையாற்றிவிட்டு, பிறகு நாற்காலியில் அமர்ந்து கலந்துரையாடப் போகிறார், கறாரான தொழில்முறை ஆளாகவும், அணுகக்கூடியவராகவும் தெரிய விரும்புகிறார், பளபளக்கும் துணியும் உயர்ந்த குதிகாலும் வேண்டாம் என்கிறார்.’ இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த வாக்கியத்தின் அருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: படங்களைச் சேர்ப்பதும் கழிப்பதும்

முதலில் தாராளமாகச் சேருங்கள். அறுபது, எண்பது படங்கள்கூட இருக்கலாம். ஃபேஷன் படங்களோடு நின்றுவிடாமல் ஓவியம், கட்டடம், பாறை, பழைய இயந்திரம் என்று கண் போகும் இடமெல்லாம் போக விடுங்கள். பிறகு, பத்து அல்லது பன்னிரண்டு படங்கள் மிஞ்சும்வரை கழித்துக்கொண்டே வர வேண்டும். கழிக்கும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் ‘இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்ன’ என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியே போக வேண்டியதுதான்.

இந்த ஒரு வரி ஏன் தேவை என்பதற்கு 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் காட்டிய முதல் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். ‘நியூ லுக்’ என்று பெயர் பெற்ற அந்தத் தொகுப்பின் பார் ஜாக்கெட் படத்தை நீங்கள் பலகையில் ஒட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் நின்றால், ஒருவர் இறுகிய இடுப்பைப் பார்ப்பார்; மற்றொருவர் இடுப்புக்குக் கீழே விரியும் ஜாக்கெட் ஓரத்தைப் பார்ப்பார்; மூன்றாமவர் கறுப்புப் பாவாடையின் தாராளமான துணியைப் பார்த்துவிட்டு ‘இது பழங்காலத்து உடையாயிற்றே’ என்று நினைப்பார். 1966-இல் இன்னொரு பிரெஞ்சு வடிவமைப்பாளரான ஈவ் சான் லோரான் பெண்களுக்காக அமைத்த டக்சீடோவும் அப்படித்தான். உங்களுக்கு வேண்டியது அதன் பட்டு லேப்பலா (கழுத்திலிருந்து மார்பில் மடிந்து விழும் பட்டை), நேராக இறங்கும் கால்சட்டைக் கோடா, ஆண்களின் மாலை நேர உடை பெண் உடலில் ஏறும்போது பிறக்கும் அதிகாரத் தோற்றமா? சொன்னால்தான் தெரியும். நம்முடைய கட்டடக் கலைஞருக்கு அந்தக் கால்சட்டைக் கோடு மட்டும் போதும்.

ஸ்டைலிஸ்ட் உடையைத் தைப்பவர் அல்லர், சேர்க்கைகளால் பொருள் உண்டாக்குபவர் என்பதையும் இந்தக் கட்டத்தில் மனதில் வையுங்கள். 1980-களின் லண்டனில் ‘பஃபலோ’ என்ற குழுவின் மையமாக இருந்த ஸ்டைலிஸ்ட் ரே பெட்ரி, விளையாட்டு உடைகளையும் விமானப்படை ஜாக்கெட்டையும் ஒழுங்காகத் தைத்த கோட்டையும் ஒரே உடலில் சேர்த்து, அந்தத் துணிகள் தனித்தனியே சொல்லாத ஒன்றைச் சொல்ல வைத்தார். உங்கள் படங்களிலும் தனித்தனி உடைகளைவிட இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள். எடுத்துக்கொண்ட படம் யார் வடிவமைத்தது, யார் எடுத்தது, எந்த ஆண்டு என்பதையும் சேகரிக்கும்போதே குறித்துவிட வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது.

மூன்றாம் படி: மூட் போர்டும் துணி மாதிரிகளும்

தேர்ந்த படங்களையும் நிறங்களையும் ஒட்டிவைக்கும் பலகையான மூட் போர்டில் எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருந்தால் பார்ப்பவர் கண் எங்கும் நிற்காது. ஒரு படம் பெரிதாக, மூன்று நான்கு நடுத்தரமாக, மற்றவை சிறிதாக இருக்கட்டும். நிறங்களையும் சமமான சதுரங்களாக வரிசையில் வைக்க வேண்டாம். உடையில் அந்த நிறம் எவ்வளவு இடம் பிடிக்குமோ அந்த விகிதத்திலேயே பலகையிலும் இடம் கொடுங்கள். கட்டடக் கலைஞரின் பலகையில் சாம்பல் நீலம் பாதிக்கு மேலும், சுண்ண வெண்மை அதற்கு அடுத்தும், செங்கல் நிறம் ஒரு கீற்றாகவும் இருந்தால், ஜாக்கெட்டும் கால்சட்டையும் நீலம், உள்சட்டை வெண்மை, கழுத்துத் துணி செங்கல் என்பதை நீங்கள் சொல்லாமலே அவர் ஊகித்துவிடுவார்.

நிறத்தை வெறும் பெயரால் குறிப்பிடுவதில் ஆபத்து உண்டு. ‘கடல் நீலம்’ என்றால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு கடல். 1963 முதல் புழக்கத்தில் உள்ள பான்டோன் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் இருப்பதால், பல பேர் சேர்ந்து செய்யும் வேலையில் அந்த எண்ணைக் குறிப்பிடுவது குழப்பத்தைக் குறைக்கும்.

ஆனாலும் துணிக்கு மாற்று துணிதான். ஒவ்வொரு முக்கியத் துணியிலும் குறைந்தது 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். அதை நான்கு பக்கமும் ஒட்டிவிடாமல் மேல் விளிம்பை மட்டும் ஒட்டினால், துணி எப்படித் தொங்குகிறது, எவ்வளவு கனம் என்பதை எதிரே இருப்பவர் விரலால் தூக்கிப் பார்க்க முடியும். சில ஆண்டுகளுக்கு முன் நான் அடர்பச்சைக் கம்பளித் துணியை மையமாக வைத்து ஐந்து லுக்குகளை, அதாவது தலை முதல் பாதம் வரை சேர்ந்த முழு உடைத்தொகுப்புகளை, காட்டினேன். என் கணினித் திரையில் அந்தப் பச்சை ஆழமாகத் தெரிந்தது. அந்த அறையின் புரொஜெக்டரிலோ ஐந்தும் கறுப்பாகவே விழுந்தன. ‘எல்லாமே ஏன் கறுப்பு?’ என்று ஒருவர் கேட்டார். பையிலிருந்த உள்ளங்கையளவு துண்டை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தேன். எல்லாரும் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அன்று தேர்வானது அந்தத் துண்டால்தான்.

நான்காம் படி: லுக்குகளை அமைப்பதும் வரிசைப்படுத்துவதும்

தனிநபருக்கு மூன்று முதல் ஐந்து லுக்குகள் போதும். அதற்கு மேல் போனால் தேர்ந்தெடுக்கும் வேலையை நீங்கள் செய்யாமல் அவர் தலையில் கட்டுகிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு லுக்குக்கும் தலை முதல் பாதம் வரை தெரியும் நேர்ப் படம் ஒன்று வேண்டும். தரையில் பரப்பி எடுத்த படம் பொருள்களின் பட்டியலைக் காட்டும்; உடலில் விழும் விதத்தைக் காட்டாது. இயன்றால் ஒத்த உயரமுள்ள ஒருவருக்கு உடுத்திப் படம் எடுங்கள்.

உடுத்திப் பார்க்கும்போது, அந்த உடை போகப்போகும் சூழலை நடித்துப் பாருங்கள். கட்டடக் கலைஞருக்குக் காலர் மைக் பொருத்துவார்கள். அதைக் கவ்வுவதற்கு உறுதியான லேப்பல் விளிம்போ சட்டை ஓரமோ வேண்டும். மைக்கின் சிறு பெட்டியைச் செருக இடுப்புப்பட்டையோ பாக்கெட்டோ வேண்டும். இரண்டும் இல்லாத ஒற்றை உடை எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் மேடையேறும் ஐந்து நிமிடத்துக்கு முன் தலைவலியாகிவிடும். நீளமான சங்கிலி மைக்கில் மோதிச் சத்தம் எழுப்பும். நெருக்கமான மெல்லிய கோடுகளும் சிறு கட்டங்களும் வீடியோவில் அலைபாய்வது போலத் தோன்றும். பலமான மேடை விளக்கில் தூய வெள்ளைச் சட்டை கேமராவுக்குக் கண்ணைப் பறிக்கும். சுண்ண வெண்மையோ வெளிர் சாம்பலோ அந்த இடத்தில் நிதானமாக நிற்கும். நாற்காலியில் உட்காரும்போது ஜாக்கெட் பொத்தான் இழுக்கிறதா, கால்சட்டை எவ்வளவு மேலேறுகிறது, காலுறை தெரிகிறதா என்பனவற்றையும் பார்த்துவிடுங்கள். இப்படிப் பார்த்தவை எல்லாம் பிறகு உங்கள் பேச்சுக்குச் சரக்காகும்.

வரிசை விஷயத்தில் என் கருத்து உறுதியானது. தேவைக்குறிப்புக்கு மிக நேரடியாகப் பதில் சொல்லும் லுக் முதலில் வர வேண்டும். அது எதிரே இருப்பவருக்கு ‘நாம் சொன்னதைக் கேட்டிருக்கிறார்’ என்ற நிம்மதியைத் தரும். அந்த நிம்மதி வந்த பிறகுதான் துணிச்சலான லுக்கைத் திறந்த மனதோடு பார்ப்பார்கள். எண்ணிக்கைக்காக, உங்களுக்கே பிடிக்காத ஒரு லுக்கைச் சேர்க்காதீர்கள். அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு அதைத்தான் நீங்கள் செய்துகொடுக்க வேண்டியிருக்கும்.

லுக்குகளுக்குப் பின்னால், திரையில் காட்டாத ஒரு தாளும் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது, என்ன அளவு, என்ன விலை, வாங்கியதா இரவல் வாங்கியதா, எப்போது திருப்பித் தர வேண்டும், திருத்தித் தைக்க எத்தனை நாள் ஆகும், கிடைக்காவிட்டால் மாற்று என்ன என்பவை அதில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஸ்லைடுகள்

ஒரு ஸ்லைடுக்கு ஒரு லுக். மொத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து ஸ்லைடுகள் போதும். பெரும்பாலான திரைகளுக்கு 16:9 விகிதம் பொருந்தும். எழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு ஸ்லைடில் பதினைந்து சொற்களுக்கு மேல் எழுதினால் உடையைப் பார்க்காமல் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். படத்தை இடத்துக்கு ஏற்றபடி இழுத்து நீட்டுவது ஸ்டைலிங்கில் பெரிய பிழை. தோளும் இடுப்பும் காலும் எந்த விகிதத்தில் நிற்கின்றன என்பதுதான் நீங்கள் காட்ட வந்த விஷயம். படத்தை இழுத்த கணத்தில் அது பொய்யாகிவிடுகிறது.

பின்னணிக்கு வெண்மையோ வெளிர் சாம்பலோ போதும். பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜின் ஷெவ்ரோல், பாரிஸின் கோப்லாங் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தபோது, கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்ததில், சாயத்தில் குறை எதுவும் இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டுகின்றன என்று கண்டார். அதை 1839-இல் விரிவான நூலாகவே வெளியிட்டார். ஸ்லைடின் பின்னணியில் நீங்கள் அழகுக்காகப் பூசும் இளஞ்சிவப்பும் உங்கள் சாம்பல் நீல ஜாக்கெட்டுக்கு இதையேதான் செய்யும்.

முடிந்த கோப்பைப் பி.டி.எஃப். வடிவிலும் சேமித்துக்கொள்ளுங்கள், வேறு கணினியில் எழுத்துரு மாறிச் சீர்குலையாது.

ஆறாம் படி: ஒவ்வொரு லுக்குக்கும் சொற்கள்

‘இந்த லுக் ரொம்ப நேர்த்தியாக இருக்கும், இப்போது இதுதான் ட்ரெண்டில் இருக்கிறது’ என்று சொல்வதில் பயன் எதுவும் இல்லை. நேர்த்தியா இல்லையா என்பதை அவர் கண்ணே பார்த்துக்கொள்கிறது; ட்ரெண்டு என்பது அவர் சொன்ன தேவையும் அல்ல. ஒவ்வொரு லுக்குக்கும் மூன்று விஷயங்களைச் சொல்லப் பழகுங்கள்: இது என்ன, இது உடலில் என்ன செய்கிறது, நீங்கள் கேட்டதற்கு இது எப்படிப் பதிலாகிறது.

கட்டடக் கலைஞரின் முதல் லுக்கை இப்படி விளக்கலாம்: ‘இது லைனிங் குறைவாக வைத்துத் தைத்த சாம்பல் நீலக் கம்பளி ஜாக்கெட். தோளில் மெல்லிய பேட் மட்டும் இருப்பதால் கோடு தெளிவாக நிற்கிறது. ஆனால் கையை உயர்த்தித் திரையைச் சுட்டிக்காட்டும்போது ஜாக்கெட் மேலே ஏறாது. கால்சட்டையும் அதே துணி என்பதால் பின்வரிசையிலிருந்து பார்ப்பவர்களுக்கு நீங்கள் ஒரே நீண்ட கோடாகத் தெரிவீர்கள். கழுத்தருகே உள்ள செங்கல் நிறம் பார்வையை முகத்துக்குக் கொண்டுவருகிறது. கறாராகத் தெரிய வேண்டும் என்றீர்கள், அதை ஜாக்கெட் பார்த்துக்கொள்கிறது. அணுகக்கூடியவராகத் தெரிய வேண்டும் என்றீர்கள், அதற்கு இந்த நிறம்.’ அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் காரணம் முழுதும் வந்துவிட்டது.

உடலைப் பற்றிப் பேசும்போது மிகுந்த கவனம் வேண்டும். ‘இது வயிற்றை மறைக்கும்’, ‘இது உங்களைக் குட்டையாகக் காட்டாது’ என்பவை எதிரே இருப்பவர் மனதில் தைத்துவிடும். அந்தக் கூட்டத்தில் அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் விழாது. குறையை மறைப்பதாகச் சொல்லாமல், உடை பார்வையை எங்கே நிறுத்துகிறது என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: ஒத்திகை

மனதுக்குள் படிப்பது ஒத்திகை ஆகாது. வாய்விட்டு, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து, குறைந்தது மூன்று முறை சொல்லிப் பாருங்கள். இருபது நிமிடம் கொடுத்திருந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும்படி பேச்சை அமையுங்கள், மீதி கேள்விகளுக்கு. ஒரு முறையாவது தொலைபேசியில் பதிவுசெய்து கேட்டால், எந்த லுக்கில் நீங்கள் வேகமாகக் கடந்துபோகிறீர்கள் என்பது தெரியும். அங்கேதான் காரணம் இன்னும் பலவீனமாக இருக்கிறது.

உடைகளை நேரில் காட்டுவதாக இருந்தால் கைக்கும் ஒத்திகை வேண்டும். முந்தைய இரவே ஸ்டீமர் போட்டு, காட்டும் வரிசையிலேயே ரேக்கில் தொங்கவிடுங்கள். ஹேங்கரின் கொக்கியை ஒரு கையால் உங்கள் தோள் உயரத்தில், உடலுக்குப் பக்கவாட்டில் பிடித்து, மறு கையால் கீழ் ஓரத்தை மெல்ல விரித்துக் காட்ட வேண்டும். உங்கள் மேல் ஒட்டிப் பிடித்தால் உங்கள் உடையின் நிறமும் சேர்ந்து தெரியும். இதற்காகவே நான் அன்றைக்கு அடங்கிய ஒற்றை நிறத்தில் உடுத்துவது வழக்கம்.

எட்டாம் படி: அறையில்

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். இணைப்புக் கம்பி, திரையின் நிறம், விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள். துணி மாதிரிகளைப் பகல் வெளிச்சம் விழும் மேசையில் பரப்புவது நல்லது. அது இல்லையென்றால் 5000 முதல் 6500 கெல்வின் வரையுள்ள (பகல் வெளிச்சத்தை ஒத்த), நிறங்களை நன்றாகக் காட்டும் விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாம். ஒரு விளக்கின்கீழ் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துணிகள் வேறு விளக்கின்கீழ் பிரிந்து தெரிவது உண்டு. மெட்டமெரிசம் எனப்படும் இந்தக் குணத்தால், கடையில் பொருந்திய ஜாக்கெட்டும் கால்சட்டையும் அரங்கில் முறைத்துக்கொள்ளலாம். ஆகவே காட்டுவதற்கு முன் இரண்டு வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தொடக்கத்தில் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்லி, ‘இதுதான் நீங்கள் கேட்டது என்று நான் புரிந்துகொண்டேன், சரிதானா’ என்று கேளுங்கள். அவர் தலையசைத்த பிறகு மேலே செல்லுங்கள். புதிய லுக் திரையில் வந்ததும் மூன்று நான்கு விநாடிகள் பேசாமல் நில்லுங்கள். கண் முதலில் பார்க்கட்டும். காது பிறகு கேட்கட்டும். அந்த அமைதி பேசுபவருக்கு நீண்டதாகத் தோன்றும். பார்ப்பவருக்கு அது போதுவதே இல்லை. அந்நேரத்தில் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையும் கையையும் கவனியுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்பவரின் விரல், மேசையிலுள்ள ஒரே துணித் துண்டுக்கு மீண்டும் மீண்டும் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இணையவழிக் கூட்டமென்றால் துணி மாதிரிகளை எண்ணிட்ட உறைகளில் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அந்தந்த லுக் வரும்போது அந்த உறையைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: மறுப்பும் முடிவும்

‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், உடனே வாதாடத் தொடங்காதீர்கள். ‘நிறமா, வெட்டா, அல்லது இதை உடுத்தினால் வேறொருவர் போல ஆகிவிடுவீர்கள் என்று தோன்றுகிறதா’ என்று கேளுங்கள். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு தீர்வுகள் உண்டு. நிறம் என்றால் மாற்றுத் துணித் துண்டை எடுத்து வையுங்கள். வெட்டு என்றால் இன்னொரு ஜாக்கெட்டை அதே இடத்தில் பொருத்திப் பார்க்கலாம். மூன்றாவது என்றால் அவரிடமே உள்ள ஓர் உடையை அந்த லுக்குக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விடை தெரியாத கேள்விக்கு, விசாரித்து எப்போது சொல்வீர்கள் என்று குறிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கூட்டம் கலைவதற்கு முன் எந்த லுக் உறுதி, எதில் என்ன மாற்றம், எது வேண்டாம், ஃபிட்டிங் (உடுத்தி அளவு சரிபார்ப்பது) எந்த நாளில் என்ற நான்கையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மறுநாளுக்குள் அதே நான்கையும் எழுத்தில் அனுப்பி, உறுதியான லுக்கின் படத்தையும் இணைக்க வேண்டும். கைவிடப்பட்ட லுக்குகளைத் தூக்கி எறியாமல், ஏன் வேண்டாம் என்றார் என்பதை அவர் சொன்ன அதே சொற்களில் கீழே எழுதித் தனிக் கோப்பில் வையுங்கள். அதே வாடிக்கையாளருக்கு அடுத்த முறை லுக்குகளை அமைக்க உட்காரும்போது முதலில் திறக்க வேண்டிய கோப்பு அது.